அழகா ஒண்ணு

— அதான் சொல்றேனேம்மா, அந்த வருஷத்து நெகட்டிவ் எல்லாம் தண்ணியில போயிடுச்சு. கூரை ஒழுகி, விடிய விடிய மழை கொட்டி, காலையில வந்து பார்த்தா அலமாரி முழுக்கக் கூழ். சொல்லப்போனா, நானே அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

— எந்த மழைங்க?

— நீ பெட்டியைக் கட்டு. வந்தவங்ககிட்ட நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல?

— நான் ஒண்ணும் சொல்லல. கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். எந்த மழைன்னு மட்டும் கேட்டேன். இந்த ஸ்டூடியோவுக்கு நாம வந்து நாப்பத்திரண்டு வருஷம் ஆச்சு, ஒரு சொட்டு ஒழுகினதில்ல. ஒழுகியிருந்தா நெகட்டிவுக்கு முன்னாடி நான் கரைஞ்சிருப்பேன்.

— சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க காலி பண்ற நேரத்துல வந்து தொந்தரவு பண்றேன். சாயங்காலம் சாவியைக் கொடுத்துடுவீங்கன்னு எதிர்க் கடையில சொன்னாங்க. கேட்டதும் ஸ்கூல் வேனை அப்படியே இந்தத் தெருவுக்குத் திருப்பிட்டேன். பசங்களை இறக்கி விட்டுட்டுத்தான், பயப்படாதீங்க.

— வேன் நீயேவா ஓட்டுற?

— பதினாறு வருஷமா ஓட்டுறேன் அக்கா.

— அக்கான்னுட்ட. நல்லா இரு. உக்காரு. அந்த ஸ்டூல்ல வேணாம், கால் ஆடும். ஆடினாத்தான் ஜனங்க நிமிர்ந்து உக்காருவாங்கன்னு இவர் அதைச் சரி பண்ணாமலே இத்தனை வருஷம் படம் எடுத்தாரு. இப்படி இந்த டிரங்குப் பெட்டி மேல உக்காரு. யார் வீட்டுப் படம் வேணும் உனக்கு?

— அவங்க என்கிட்ட எல்லாம் சொல்லிட்டாங்களே, நீ வேற ஏன்...

— உங்ககிட்ட சொன்னா. என்கிட்ட சொல்லல. சொல்லும்மா.

— முப்பத்தெட்டு வருஷம் முன்னாடி, மரக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம் அக்கா. அவரு எங்கம்மாவுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன், எனக்கு மாமா முறை. அவங்க மாடி வீடு, நாங்க ஒத்தை ரூம். ஆனாலும் கூப்பிட்டிருந்தாங்க. எனக்கு எட்டு வயசு. கவுன்ல கீழ்ப்பக்கம் பிரிஞ்சிருந்ததை அப்பாதான் காலையில உக்காந்து தைச்சுக் கொடுத்தாரு.

— அப்பா டெய்லரா?

— இல்லக்கா, தையல் மிஷின் ரிப்பேர். சைக்கிள்ல ஒரு தகரப் பெட்டியை வெச்சுக்கிட்டு வீடு வீடாப் போவாரு. மிஷினைத் தொடவே மாட்டாரு. ‘ஓட்டுங்க’ன்னு சொல்லிட்டு வாசல்லயே தலையைச் சாய்ச்சுக்கிட்டு நிப்பாரு. சத்தத்தைக் கேட்டே எந்தப் பல் தேஞ்சிருக்குன்னு சொல்லிடுவாரு. நான் பொய் சொன்னாக்கூட அப்படித்தான் கண்டுபிடிப்பாரு. ‘உன் குரல்ல ஒரு திருகாணி லூசா இருக்கு பாப்பா’ம்பாரு.

— நல்ல மனுஷன். இருக்காரா?

— அந்தக் கல்யாணம் முடிஞ்சு மூணு மாசம் கூட இல்ல. நெஞ்சுல சளி கட்டிக் காய்ச்சல்னு படுத்தாரு, எழுந்திரிக்கல. முப்பத்தொன்பது வயசு.

— அடக் கடவுளே.

— அவரு படம்னு எங்க வீட்டுல ஒண்ணு கூடக் கிடையாதுக்கா. என் ஃபோன்ல ஒன்பதாயிரம் படம் இருக்கு. பாதி வேன் டயரு, மெக்கானிக்குக்கு அனுப்ப எடுத்தது. நாய்க்குட்டி இருக்கு, சிக்னல்ல பார்த்த வானவில் இருக்கு. அப்பா இல்ல. அவரு படத்துக்கு நின்னதே அந்த ஒரு தடவைதான். அதுவும் இந்த சார் எடுத்தது.

— கேக்குறீங்களாங்க? துடைச்ச லென்ஸையே எத்தனை தடவை துடைப்பீங்க?

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— எப்படி நின்னோம்னு இன்னிக்கும் சொல்வேன் சார். மாமா எல்லாரையும் விலக்கிட்டு, ஓரத்துல நின்ன எங்களைக் கூப்பிட்டு நடுவுல நிறுத்தினாரு. உங்களைப் பார்த்து, ‘இவங்களை அழகா ஒண்ணு எடுங்க’ன்னாரு. மத்தவங்களுக்கெல்லாம் ‘நல்லா ஒண்ணு எடுங்க’ன்னுதான் சொன்னாரு, நான் கவனிச்சேன். எங்களுக்கு மட்டும்தான் ‘அழகா’. அந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு ஸ்கூல்ல எத்தனை வருஷம் பெருமையடிச்சிருக்கேன் தெரியுமா?

— என்னங்க, முகம் ஏன் இப்படிப் போகுது? தண்ணி குடிக்கிறீங்களா?

— ஒண்ணுமில்ல. தூசி. சொல்லும்மா.

— முதல் ஃபிளாஷ் அடிச்சதும் நான் கண்ணை மூடிட்டேன். இன்னொண்ணு எடுங்கன்னு ஒரே அழுகை. அதுவரைக்கும் அம்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் நின்னாங்க. எல்லாரும் புதுசா உடுத்தியிருக்காங்க, நாம மட்டும் பழசுன்னு. அப்ப அப்பா குனிஞ்சு அம்மா காதுல என்னமோ சொன்னாரு. அம்மா அப்படிச் சிரிச்சாங்க சார்! நீங்க ரெண்டாவது அடிச்சீங்க. அந்தச் சிரிப்பை அதுக்கு முன்னாடியும் பார்க்கல, அப்புறமும் பார்க்கல. அப்பா என்ன சொன்னாருன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன், சொல்ல மாட்டேங்கிறாங்க.

— அம்மா இருக்காங்களா?

— வெளியில வேன்லதான் உக்காந்திருக்காங்க. முட்டிவலி, படி ஏற யோசிக்கிறாங்க. அதை விடுங்க, கண்ணுதான் பெரிய கவலை. ரெண்டும் மங்கிக்கிட்டே வருது. பார்வை இந்த வருஷம் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு. அதான்க்கா ஓடி வந்தேன். முழுசா இருட்டறதுக்குள்ள அப்பா முகத்தை ஒரு தடவை அவங்க கண்ணு முன்னாடி காட்டிடணும். வேற எதுவும் எனக்கு வேணாம்.

— இவ்வளவு நாள் ஏன் வரல?

— சின்ன வயசுல வந்தேனே. அப்புறம் வேற ஊருக்குப் போயிட்டோம். திரும்பி வந்ததும் அம்மாகிட்ட எத்தனையோ தடவை கேட்டேன், போய் வாங்கிட்டு வரலாமான்னு. ஒரு நாள் தலைவலிம்பாங்க. ஒரு நாள் கடை பூட்டியிருக்கும்பாங்க. ‘படம் எங்க ஓடிப்போகுது’ம்பாங்க. பார்த்தா மனசு தாங்காதுன்னு பயம்னு நானும் விட்டுட்டேன். இன்னிக்குக்கூட, ‘வண்டியைத் திருப்பு, பாவம், அந்த மனுஷனைப் போய்த் தொந்தரவு பண்ணாதே’ன்னு வழியெல்லாம் ஒரே பாட்டு.

— நான் ஒண்ணும் சொல்லல. மரக்கடை வீட்டுக் கல்யாணம்னா நம்பர் நூத்தி எழுபத்தி மூணு. மூணாவது டிரங்கு. நீ உக்காந்திருக்கியே, அதேதான். எழுந்திரும்மா.

— ஏய், அதெல்லாம் எதுக்கு இப்ப? காபிக் கடைக்காரர் நாலு மணிக்கு வந்துடுவாரு என்லார்ஜரை எடுத்துட்டுப் போக. நீ பாட்டுக்குப் பிரிச்சுப் போட்டா யார் திரும்பக் கட்டறது?

— நான்தான் கட்டுவேன். இத்தனை வருஷம் யார் கட்டினாங்க? இங்க பாரும்மா, இவர் வெளியில வெளிச்சத்துல நின்னு படம் எடுப்பாரு. உள்ள இருட்டுல சிவப்புப் பல்பைப் போட்டுக்கிட்டு, கழுவி, காயவெச்சு, கவர்ல போட்டு, நம்பர் எழுதினவ நான். ஊர்ல பாதிப் பேரைக் கருப்பு வெள்ளையாத்தான் எனக்குத் தெரியும். நேர்ல பார்த்தா, யார் இதுன்னு யோசிப்பேன்.

— என்லார்ஜர்னா படம் பெரிசு பண்ற மிஷின்தானே, அதைக் காபிக் கடைக்காரர் என்ன பண்ணப் போறாரு சார்?

— அழகு விளக்கு. தலையைக் கழட்டிட்டுப் பல்பு மாட்டுவாராம். அது அடியில உக்காந்து ஜனங்க காபி குடிப்பாங்களாம். சொல்லப்போனா, சந்தோஷமாத்தான் கொடுக்கிறேன். இரும்புக் கடைக்குப் போகாம நின்னு எரியட்டும்.

— இந்த டிரங்குகளை வரிசையாப் பார்த்தாலே எங்க கதை தெரிஞ்சுடும். இந்த நாலு பெட்டியும் கருப்பு வெள்ளை. இது ரெண்டும் கலர். கலர் வந்ததும் என் வேலை போச்சு. ரோலைப் பெரிய லேபுக்கு அனுப்பணும், மூணு நாள் கழிச்சு வரும். இதோ, இதுல பாதிப் பெட்டிதான் இருக்கு. டிஜிட்டல் வந்த வருஷம். அதுக்கப்புறம் இந்த பிஸ்கட் டப்பா. அதுக்கப்புறம் டப்பாவே இல்ல.

— முதன்முதல்ல டிஜிட்டல் கேமராவைப் பார்த்தது இங்கதான்மா. என் மச்சான் மகன் வெளியூர்லேருந்து கொண்டு வந்தான். ஒரு படம் எடுப்பான், கேமராவோட முதுகைப் பார்ப்பான். இன்னொண்ணு எடுப்பான், முதுகைப் பார்ப்பான். கேமராவுக்கு முதுகுவலியான்னு கேட்டேன். காட்டினான். அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு, நம்ம கடைக்கு இனி நாள் எண்ணிக்கலாம்னு. நாங்க எடுத்துட்டுக் காத்துக்கிட்டு இருப்போம். நல்லா விழுந்திருக்கணும் சாமின்னு வேண்டிக்கிட்டுத்தான் தூங்குவேன். அந்த வேண்டுதலுக்கே இப்ப இடமில்லாமப் போச்சு.

— பேச்சு பேச்சா இருக்கட்டும். இதோ நூத்தி எழுபத்தி மூணு. கவர்ல என் கையெழுத்து. ஈரம் இல்ல, பூஞ்சை இல்ல, அன்னிக்கு வெச்ச மாதிரி இருக்கு. எங்கங்க உங்க மழை?

— அதைப் பிரிக்காதே.

— ஏன், உள்ள பாம்பா இருக்கு?

— பாம்பு இருந்தாக்கூடப் பரவாயில்ல. வெச்சிடு. சொன்னாக் கேளு.

— ரெண்டு ரோல். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு. ஜன்னல் பக்கம் வாம்மா, வெளிச்சத்துல காட்டுறேன். பொண்ணு மாப்பிள்ளை... பொண்ணு மாப்பிள்ளை... மரக்கடைக்காரர்... அவரு தம்பி குடும்பம்... சமையல்காரரு கூட இருக்காரு பாரேன். இது யாரோ பெரிய அதிகாரி, மூணு படம்... அப்பா அம்மா நடுவுல கவுன் போட்ட பொண்ணு... காணோமே. ரெண்டாவதுலயும் இல்லையே. இன்னொரு ரோல் இருந்துச்சாங்க? என்கிட்ட கொடுக்க மறந்துட்டீங்களா?

— இல்ல.

— பின்ன? இவங்க ரெண்டு தடவை நின்னிருக்காங்க, ரெண்டு படம் இருக்கணுமே. ஓரம் வெட்டுப்பட்டதா? இல்லையே, முப்பத்தாறும் முழுசா இருக்கே.

— எடுக்கல.

— என்னது?

— நான் படமே எடுக்கல. போதுமா? உக்காரும்மா. நீயும் உக்காரு. இதை நின்னுக்கிட்டு என்னால சொல்ல முடியாது. இதோ பாரு, ஃபிளாஷ். இதோட முதுகுல சின்னதா ஒரு பொத்தான் இருக்கு தெரியுதா? சோதிச்சுப் பார்க்கறதுக்கு வெச்சது. இதை அமுக்கினா வெளிச்சம் மட்டும் வரும். கேமரா மூச்சு விடாது. படம் விழணும்னா ஷட்டர் திறந்து மூடணும், ‘டக்’னு ஒரு சத்தம் வரும். இதுல அந்தச் சத்தம் வராது. கல்யாணக் கூச்சல்ல அது யாருக்குக் கேக்கும்? பளிச்சுன்னு வெளிச்சம் அடிச்சா, படம் விழுந்துடுச்சுன்னு சந்தோஷமாப் போயிடுவாங்க. எங்க தொழில்ல இதுக்கு வெறும் ஃபிளாஷ்னு பேரு.

— நம்ம ஸ்டூடியோவுலயா? வெறும் ஃபிளாஷா? கடை திறந்த அன்னிக்கு என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினீங்களே!

— பண்ணினேன். ரெண்டு ரோல்தான் வாங்கிக் கொடுத்தாரு மரக்கடைக்காரர். எழுபத்திரண்டு படம். வந்திருந்த ஜனம் அறுநூறு. எல்லாரும் நிப்பாங்க, யாரையும் வேணாம்னு சொல்ல முடியாது. காலையிலயே என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாரு. ‘நல்லா ஒண்ணு எடுங்க’ன்னு நான் சொன்னா படம். ‘அழகா ஒண்ணு’ன்னா...

— சொல்லாதீங்க சார்.

— வெறும் வெளிச்சம்.

— தண்ணி குடிம்மா. இந்தா. என்னங்க இது, பச்சைப் புள்ளைகிட்டப் போய்...

— எட்டு வெள்ளிக்கிழமை வந்தேன் சார். ஸ்கூல் விட்டதும் நேரா இங்கதான். இந்தக் கண்ணாடி மேசை எனக்கு எட்டாது, நுனிக்கால்ல நிப்பேன். ‘இன்னும் கழுவல பாப்பா, அடுத்த வாரம் வா’ன்னீங்க. நான் வந்தேன். அப்பா படுத்த படுக்கையா இருந்தப்பவும் வந்தேன். அந்தப் படத்தைப் பார்த்தா எழுந்து உக்காந்துடுவாருன்னு நினைச்சேன்.

— முன்பல் ரெண்டும் இல்லாத பொண்ணு! நீயா அது? உனக்கு நான் பிஸ்கட் கொடுத்திருக்கேன்டி! படம் எப்பக் கழுவுவாங்கன்னு என்னைக் கேப்ப. எந்தப் படம்னு இவரைக் கேட்டா, அவ சும்மா வர்றா, விடுன்னுட்டாரு.

— பாப்பான்னு கூப்பிட்டு அனுப்பினேனே தவிர, உண்மையைச் சொல்ல வாய் வரல. ஒன்பதாவது வாரம் நீ வரல. நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன். இல்ல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த மேசை ஓரத்துல ரெண்டு கையும் தலை உச்சியும் மட்டும் தெரியும் எனக்கு. அதுக்கப்புறம் அந்தப் பொத்தானை நான் தொட்டதில்லம்மா, கடவுள் சாட்சி. ரோல் தீர்ந்தா தீர்ந்துடுச்சுன்னு வெளிப்படையாச் சொல்லிடுவேன். அதுக்காக நாலு கல்யாணம் கைவிட்டுப் போச்சு. போகட்டும்னு விட்டேன். இன்னிக்கு நீ உள்ள வந்து அந்தக் கல்யாணத்தைச் சொன்னதும், மழை, ஒழுகல்னு வாய் தானா ஓடுது. எழுபது வயசுல, கடைசி நாள்ல, மறுபடியும் ஒரு வெறும் ஃபிளாஷ்.

— கோவம் இல்லன்னு சொன்னா அது பொய் சார். இருக்கு. ஆனா உங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது? நான் கிளம்புறேன். ஒரே ஒரு உதவி பண்ணுங்க. நெகட்டிவ் தண்ணியில போயிடுச்சுன்னே அம்மாகிட்ட சொல்லிடறேன். நீங்களும் யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்க. அழகா ஒண்ணு எடுத்தாங்கன்னு இத்தனை வருஷம் அவங்களும் நெஞ்சுல வெச்சிருக்காங்க. வெறும் வெளிச்சம்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க.

— இருடி. எங்க கிளம்புற? நான் ஒண்ணும் சொல்லல... இல்ல, இன்னிக்குச் சொல்லத்தான் போறேன். இவரு உங்களை எடுக்கல, சரி. ஆனா கல்யாண வீட்டுல நீங்க எங்கெங்கயோ நின்னிருப்பீங்கல்ல? இருட்டுல உக்காந்து ஆயிரம் கல்யாணம் கழுவியிருக்கேன். எனக்கு ஒண்ணு தெரியும். முன்னாடி நிக்கக் கூப்பிடாதவங்க எல்லாம் அடுத்தவங்க படத்துல பின்னாடி விழுந்திருப்பாங்க. கேமராவுக்குப் பெரிய வீடு, சின்ன வீடு தெரியாது. முன்னாடி இருக்கறவங்களையே பார்த்துக்கிட்டு வந்துட்டேன், தப்பு என்னோடது. என்னங்க, அந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுங்க.

— இந்தா. நாலாவது வரிசையிலேருந்து பாரு. அப்பதான் நான் கூடத்தைப் பார்த்து நின்னேன்.

— இது சமையல்காரரு... பின்னாடி பாத்திரம். இது அந்த அதிகாரி... பின்னாடி கதவு. இது, இருபத்திரண்டாவது படம். மாப்பிள்ளை மாலையைச் சரி பண்ணிக்கிறாரு. அவரு தோளுக்கு மேல, தூண் பக்கத்துல யாரோ ஒரு ஆள். தோள்ல ஒரு குழந்தை. ஆளு தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுக்கிட்டு...

— சாய்ச்சுக்கிட்டா?

— குழந்தை ஏதோ காதுல சொல்லுது போல. கேக்கற மாதிரி நிக்கிறாரு. வந்து பாரும்மா. ஒரு கண்ணை மூடிக்கோ.

— எங்கக்கா? எல்லாம் பேய் மாதிரி தெரியுது. இது தூணா? இது... அக்கா, அந்தக் குழந்தை நான்தான்! என் கவுன் இது. ஆனா இவரு... இவருக்குத் தலையெல்லாம் வெள்ளையா இருக்கே. கிழவரு.

— நெகட்டிவ்ல கருப்பெல்லாம் வெள்ளையாத் தெரியும்மா. அவருக்குக் கருகருன்னு முடி இருந்திருக்கு.

— நரைக்கவே இல்லக்கா அவருக்கு. நரைக்க நாள் கிடைக்கல. இருந்திருந்தா... இருந்திருந்தா இப்ப இப்படித்தானே இருந்திருப்பாரு. அப்பா. இப்படித்தான் கிழவராகி, இப்படித்தான் தலையைச் சாய்ச்சுக்கிட்டு... ஒரு நிமிஷம் இருங்க. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கிறேன்.

— பாரு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு. வெயில் எங்கயும் போகாது.

— சார், இதைப் படமாப் போட முடியுமா? முகம் கடுகு அளவுதான் இருக்கு.

— பெரிசு பண்ணினா புள்ளி புள்ளியா வரும். ஆனா முகம் நிக்கும். சொல்லப்போனா, நிக்க வைக்கிறேன். காபிக் கடைக்காரரோட விளக்கு நாளைக்கு எரிஞ்சாப் போதும். கடையை விடறதுக்கு முன்னாடி அந்த என்லார்ஜர் ஒரு நல்ல காரியம் பண்ணிட்டுப் போகட்டும். பேப்பர் கொஞ்சம் பழசு, மருந்துப் பொடி ஒரு பொட்டலம் இருக்கு.

— அதோட இன்னொண்ணும் இருக்கு. ஃபிரிட்ஜில, உங்க இன்சுலின் பக்கத்துல.

— என்ன?

— ஒரு ரோல். கருப்பு வெள்ளை. தேதி முடிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு, குளிர்ல இருந்ததால கெட்டிருக்காது. இத்தனை வருஷமா ஊரையே படம் எடுத்தீங்க, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு படத்துல இல்ல. கடைசி நாள் கேக்கலாம்னு ஒளிச்சு வெச்சிருந்தேன். முறைக்காதீங்க. முப்பத்தாறு இருக்குல்ல, ஒண்ணு நமக்குப் போதும். முதல் படம் இவங்களுக்கு. ஏம்மா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா. முட்டிவலின்னா நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கிறேன்.

— அக்கா, அம்மாகிட்ட அந்த விஷயம் மட்டும்...

— மூச்சு விட மாட்டோம். தேடினோம், பின்னாடி நின்ன படம் கிடைச்சுது, அவ்வளவுதான். என்னங்க?

— அப்படியே ஆகட்டும். பொய் இல்லையே அது. நீங்க போய்க் கூட்டிக்கிட்டு வாங்க, நான் ரோலை மாட்டறேன். லென்ஸையும் இன்னொரு தடவை துடைச்சுடறேன். முதல் நாள் மாதிரி.

— மெதுவா வாங்கம்மா. இன்னும் ஒரு படிதான். தலையைக் குனிஞ்சுக்கோங்க, சிவப்புப் பல்பு தொங்குது.

— ஏதோ மருந்து வாசனை வருதே. அப்ப ஒரு வெள்ளிக்கிழமை இவளைத் தேடி வந்து வெளியில நின்னப்பவும் இதே வாசனைதான். தம்பி இருக்காரா? எனக்கு ஆள் தெரியல, ஒரே மங்கல். ஜன்னல் பக்கம் நிக்கறது நீங்கதானே தம்பி?

— நான்தான்மா. நல்லா இருக்கீங்களா?

— இருக்கேன். இவ உங்களை ரொம்பப் பாடாப் படுத்திட்டாளா? வேணாம், வேணாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே? அப்பா மாதிரியே பிடிவாதம்.

— படுத்தலம்மா. நல்லதுதான் பண்ணினா.

— அம்மா, அப்பா கிடைச்சுட்டாரு. வேற ஒரு படத்துல, பின்னாடி நிக்கிறாரு. நான் தோள்ல உக்காந்திருக்கேன். சார் பெரிசாப் போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காரு.

— நிஜமாவா? தோள்லயா? ஆமா, நீ எங்க நடந்த? அந்தக் கல்யாணம் பூராவும் அவரு கழுத்துலதான் இருந்த. வரட்டும், வரட்டும். கண்ணு இருக்கும்போதே பார்த்துடறேன்.

— இப்ப இவரு உங்களையும் உங்க பொண்ணையும் சேர்த்து ஒரு படம் எடுப்பாரும்மா. இப்படி ஸ்டூல்ல உக்காருங்க. பயப்படாதீங்க, கால் ஆடும், விழாது.

— எதுக்குக்கா ஸ்டூல்? நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அம்மா, என் கையைப் பிடிச்சுக்கோங்க. சார்... சார், நல்லா ஒண்ணு எடுங்க.

— எடுக்கிறேன்மா. நல்லாவே எடுக்கிறேன். நிமிர்ந்து பாருங்க. பெரியம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம், என் குரல் வர்ற திசையில. சிரிக்கணும். ஆங், அதான். அசையாம... ரெடி.

— ...

— விழுந்துடுச்சு. கண்ணு யாரும் மூடல.

— இப்ப ‘டக்’னு சத்தம் கேட்டுச்சு தம்பி. அன்னிக்குக் கேக்கல. ‘வெறும் வெளிச்சம்தான், படம் விழல. ஆனாலும் நல்லாச் சிரி, பாப்பா பார்த்துக்கிட்டு இருக்கா’ன்னு இவ அப்பா என் காதுல சொன்னாரு.